பார்வையற்ற வாசகரும் தமிழ்ப் பதிப்புலகமும்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகள் பற்றி நம் நாளிதழ்களில் வெளியாகும் செய்திகளுக்கு நிலைத்த ஒரு வடிவம் உண்டு. விழா மேடை, அமைச்சர் அல்லது ஆட்சியர், வரிசையாக நிறுத்தப்பட்ட மூன்று சக்கர வண்டிகள், மடக்குக் கோல்கள், காதொலிக் கருவிகள், பெற்றுக்கொள்பவரின் முகத்தில் எதிர்பார்க்கப்படும் புன்னகை. வழங்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும் மொத்த மதிப்பும் இரண்டாவது வரியில் இடம்பெறும். ஆறு மாதம் கழித்து அக்கருவி இயங்குகிறதா, பழுதானால் எங்கே கொண்டுபோவது, அதை வைத்துக்கொண்டு அவர் செய்ய விரும்பியதைச் செய்ய முடிகிறதா என்பவை எப்போதும் செய்தியாவதில்லை.

கருவியைக் கொடையாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஏழை நாடுகள் அனைத்திற்கும் பொதுவானது என்றே தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, மூக்குக்கண்ணாடி தொடங்கிச் சக்கர நாற்காலி வரை ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை. சில வறிய நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவீதத்தினருக்கே கிடைக்கும் கருவிகள், வளமான நாடுகளில் 90 சதவீதத்தினருக்குக் கிடைக்கின்றன. வறுமை, இறக்குமதி விலை, பயிற்சியாளர் இன்மை எனக் காரணங்கள் வழக்கமானவை. அவற்றை நாம் மறுக்கவில்லை.

ஆனால் வாசிப்பு என்னும் ஒரு துறையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் தமிழ் நூலொன்றைத் தானே வாசிப்பதற்கான கருவி இன்று இருக்கிறது, அதுவும் இலவசமாகவே இருக்கிறது. அக்கருவிக்குக் கொடுப்பதற்கான நூல்தான் இல்லை. இந்தப் பற்றாக்குறைக்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. தமிழ்ப் பதிப்புலகம் தன் கையில் வைத்திருக்கும் ஒன்றைத் தராமலிருப்பதே காரணம் என்பது நம் கருத்து.

*

பிரெய்ல் முறையிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகளை ஆக்கும் இம்முறையை லூயி பிரெய்ல் 1829இல் நூலாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத பல பிரெய்ல் முறைகள் வழங்கிவந்த குழப்பத்தை 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் தீர்த்துவைத்தது. தமிழ் க-வும் இந்தி க-வும் அதில் ஒரே புள்ளிக்கோலம்தான். 247 எழுத்துகள் என்று நாம் மலைக்கும் தமிழ், அம்முறையில் உயிரும் மெய்யுமாகப் பிரிந்து எளிதாக அடங்கிவிடுகிறது. பார்வையற்றோரின் எழுதுபொறியான பெர்க்கின்ஸ் பிரெய்லர் வேலூரை அடுத்த காட்பாடியில், வொர்த் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் தொழிற்கூடத்தில் உருவாகிப் பல நாடுகளுக்குச் செல்கிறது. எனவே, கருவிகளைப் பிறர் தருவதற்காகக் காத்திருக்கும் நிலம் என்று தமிழகத்தைச் சொல்லிவிடவும் முடியாது.

பிரெய்லின் எல்லை அதன் பருமன். தடித்த தாள் வேண்டும், புள்ளி தேயாமல் இருக்க வேண்டும், அச்சில் கைக்கடக்கமாக இருக்கும் நாவல் பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருகிவிடும். பிரெய்ல் அச்சகங்களின் பெரும்பகுதி உழைப்பு பாடநூல்களுக்கே சரியாக இருக்கிறது. பள்ளியை முடித்த பின்னும் வாசிக்க விரும்பும் ஒருவர், யாரேனும் வாசித்துக் காட்டுவதையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் தமிழும் வரலாறும் பயின்ற பார்வையற்ற மாணவர்களில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இவ்வாறே பட்டம் பெற்றனர். நண்பருக்கு நேரமிருக்கும்போது, நண்பருக்குப் பிடித்த வேகத்தில், நண்பர் சலிப்படையும் பக்கம் வரை.

கணினியில் திரைவாசிப்பான் வந்தபோது இந்நிலை மாறியிருக்க வேண்டும். திரையில் உள்ள எழுத்தைச் செயற்கைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள் அது. நெடுங்காலம் அத்துறையில் கோலோச்சிய ஜாஸ் என்னும் மென்பொருளின் விலை 2000களில் சுமார் 900 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 40,000 ரூபாய், அதாவது கணினியைவிட மென்பொருளுக்கு விலை அதிகம். அதையும் கொடுத்து வாங்கினாலும் அதனுடன் வரும் குரலுக்குத் தமிழ் தெரியாது.

இந்த விலைச் சுவரை உடைத்தவர்கள் இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கி, ஜேம்ஸ் தே உடன்சேர்ந்து வளர்த்த என்விடிஏ, யாரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். ஜோனத்தன் டடிங்டன் உருவாக்கிய ஈஸ்பீக் என்னும் சிறிய பேச்சுப்பொறி தமிழையும் வாசிக்கக் கற்றது. சென்னை ஐஐடியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ்ப் பேச்சுப்பொறிக்கான ஆய்வுகள் நடந்தன. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே திரைவாசிப்பானும் தமிழ்க் குரலும் கிடைக்கின்றன.

அக்குரல் குறையற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். தமிழ் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'பாவம்' என்று எழுதியிருந்தால் அது பழியா, நடனத்தின் மெய்ப்பாடா என்று நாம் சூழலால் அறிகிறோம். பொறி குழம்புகிறது. காந்தியின் முதலெழுத்தையும் காற்றின் முதலெழுத்தையும் அது ஒரே விதமாக ஒலித்துவிடக்கூடும். ஆயினும் பழகிய காதுகள் இப்பிழைகளை, அச்சுப்பிழையை நம் கண்கள் தாண்டிச் செல்வதுபோலவே தாண்டிச் செல்கின்றன. நாம் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் பொறியை ஓடவிட்டு நாவலொன்றை முடித்துவிடும் பார்வையற்ற வாசகர்கள் இருக்கிறார்கள்.

*

இத்தனைக்குப் பிறகும் தடை எங்கே இருக்கிறது? நாம் தரும் எழுத்தில் இருக்கிறது.

யூனிகோட் தரத்தில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தமிழ்த் தட்டச்சு உலகம் பல்லாண்டுகள் பழைய எழுத்துருக்களிலேயே புழங்கியது. அவ்வெழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்காரவைத்தவை. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் மிகப் பரவலாக இருந்த பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும், கணினியின் உள்ளே இருப்பதோ வேறு. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும்: எம், கே, செமிகோலன், கே, எச். ஒரு நாவல் முழுவதையும் இப்படிக் கேட்பதை வாசகர்கள் கற்பனை செய்து பார்க்கலாம்.

தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்குப் பின்னும் நூல் வடிவமைப்புக் கூடங்களில் பழைய எழுத்துருக்கள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழகிய கை மாறத் தயங்குகிறது, அச்சில் அழகாக விழும் எழுத்துருவை விட மனம் வருவதில்லை. இவை புரிந்துகொள்ளத்தக்க காரணங்கள்தாம். யூனிகோடிலேயே கோக்கப்பட்ட நூலைக்கூடப் பிடிஎஃபாக மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சொற்கள் சிதைவதுண்டு. சோதித்துப் பார்ப்பது எளிது. உங்களிடம் உள்ள தமிழ்ப் பிடிஎஃப் ஒன்றில், கண்ணெதிரே தெரியும் ஒரு சொல்லைத் தேடச் சொல்லுங்கள். 'கிடைக்கவில்லை' என்று கணினி சொன்னால், பார்வையற்ற வாசகருக்கும் அந்நூல் கிடைக்கவில்லை என்று பொருள்.

வருடிப் பதிவேற்றிய பக்கங்களின் நிலை இதனினும் மோசம். அவற்றில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம் மட்டும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழிவிலிருந்து மீட்டது பெரும்பணி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவ்வாறே. ஆவணக் காப்பு என்ற அளவில் இவற்றின் மதிப்பைக் குறைக்க நாம் முயலவில்லை. ஆயினும் உரையாக மாற்றப்படாத வருடல் பக்கம், பார்வையற்றவருக்குப் பூட்டிய அலமாரிதான்.

உரையாக மாற்றலாமே என்பார்கள். மாற்றுகிறார்கள். கல்விக்கழகம் வழங்கிய 2000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, கூகுளின் எழுத்துணரியால் உரையாக்கப்பட்டு, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்பட்டு வருகின்றன. எழுத்துணரிகள் ஆண்டுக்காண்டு மேம்படுகின்றன என்பதும் உண்மையே. எனினும் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல்களின் பழைய ணை, லை, றா வடிவங்களும், ஈய அச்சில் உடைந்துபோன எழுத்துகளும், கவிதையின் வரியமைப்பும் பொறியை இன்னும் தடுமாறச் செய்கின்றன. பழைய நூல்களுக்கு வேறு வழியில்லை. அந்த உழைப்பு வணக்கத்திற்குரியது.

புதிய நூல்களுக்கும் அதே உழைப்பு ஏன் என்பதே நம் கேள்வி. இன்றைய எழுத்தாளர் கணினியில் எழுதுகிறார், பெரும்பாலும் யூனிகோடிலேயே எழுதுகிறார். பதிப்பகம் அந்தக் கோப்பை வாங்கிப் பக்கமாக்கித் தாளில் அச்சிடுகிறது. அத்தாளை ஒரு தன்னார்வலர் விலைகொடுத்து வாங்கி, முதுகைப் பிரித்து, பக்கம் பக்கமாக வருடி, எழுத்துணரியில் இட்டு, 'ன'வுக்கும் 'ள'வுக்கும் பொறி செய்த பிழைகளை வாரக்கணக்கில் திருத்தி, கடைசியில் ஒரு கோப்பை உருவாக்குகிறார். அந்தக் கோப்பு முதல் நாளிலேயே பதிப்பகத்தின் கணினியில் இருந்தது. ஏழை நாட்டின் மிக அரிய வளம் என்று எல்லா அறிக்கைகளும் சொல்லும் மனித உழைப்பை, இருப்பதையே மறுபடி உண்டாக்குவதில் நாம் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

*

சட்டம் இடம்தராது என்று எவரும் சொல்ல முடியாது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூலை ஆக்கி, இலாப நோக்கின்றி அவர்களுக்கு வழங்குவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதாது. உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உலக அளவில் இதே விலக்கைக் கோரி, உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் வரைந்த முன்மொழிவை 2009இல் பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய நாடுகள் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் முன் வைத்தன. வளரும் நாடுகளின் குரலாகத் தொடங்கிய அது 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கையாக முடிந்தது. அதை உலகிலேயே முதலாவதாக, 2014இல் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. உடன்படிக்கை 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. அச்சு நூலை வாசிக்க இயலாதவர்கள் மட்டுமே அதில் உறுப்பினராகலாம்.

எனினும் சட்டம் படியெடுக்கும் உரிமையைத்தான் தந்தது. மூலக் கோப்பைக் கொடுக்கும்படி பதிப்பாளரை அது பணிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன வீண் உழைப்பு நிகழ்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் 50 லட்சம் பேர். இத்தொகைக்கு முன்னால், தன்னார்வலர்களின் ஓய்வு நேரம் எம்மாத்திரம்?

பதிப்பாளர்கள் தரப்பில் முதலில் எழும் அச்சம் திருட்டுப்படி பற்றியது. அது பொய்யான அச்சமன்று. புத்தகம் வெளிவந்த சில வாரங்களில் அதன் பிடிஎஃப் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுவதைக் காண்கிறோம், சிறு பதிப்பகங்களுக்கு அது வயிற்றிலடிப்புத்தான். ஆனால் அப்படிச் சுற்றுபவை பெரும்பாலும் அச்சு நூலைப் படமெடுத்த படிகள். மூலக் கோப்பு பூட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவை நின்றுபோகவில்லை. படத்தைக் கண்ணால் வாசிப்பவருக்கு அது போதும், பார்வையற்றவருக்கு மட்டும் போதாது. ஆக, பூட்டினால் தடுக்கப்படுபவர் திருடர் அல்லர். உறுப்பினர் தகுதியைச் சரிபார்க்கும் ஒரு நூலகத்திடம் கோப்பை ஒப்படைப்பதில் இருக்கும் ஆபத்து, நூலை அச்சிட்டுக் கடைக்கு அனுப்புவதில் இருக்கும் ஆபத்தினும் குறைவு.

இரண்டாவது, ஒலிநூல்கள் பெருகிவிட்டனவே என்னும் சமாதானம். கதைகளை வாசித்துப் பதிவேற்றும் நல்ல குரல்கள் இன்று பல உள்ளன, அவற்றைப் பார்வையுள்ளவர்களும் கேட்டு மகிழ்கிறோம். ஆனால் எதை வாசிப்பது என்பதை அங்கே குரலுக்குரியவரே தேர்கிறார். புகழ்பெற்ற தொடர்கதை வரும், விமர்சனக் கட்டுரைத் தொகுப்பு வராது. மேலும், கேட்டல் வேறு, வாசித்தல் வேறு. ஒரு வரியில் நின்று பின்னே போவது, ஒரு சொல்லை நூல் முழுக்கத் தேடுவது, அடிக்குறிப்பைப் பார்ப்பது, அது வல்லின றகரமா இடையின ரகரமா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மேற்கோள் காட்டுவது ஆகிய அனைத்தும் உரைக்கோப்பில் முடியும், ஒலிப்பதிவில் முடியாது. தமிழாய்வு செய்யும் பார்வையற்ற மாணவருக்கு ஒலிநூலைக் காட்டி அமைதியடையச் சொல்வது, அவரை இரசிகராக மட்டும் இருக்கச் சொல்வதாகும்.

மூன்றாவது, சிறு பதிப்பகத்திற்கு இது கூடுதல் சுமை என்பது. பழைய நூல்களை மாற்றித்தரச் சொன்னால் அது சுமைதான். நாம் அதைக் கேட்கவில்லை. இனி வரும் நூல்களில், பக்கமாக்குவதற்கு முன்னால் இறுதி மெய்ப்பு முடிந்த உரையை யூனிகோடில் ஒரு தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

*

எனவே நாம் முன்வைக்கும் யோசனைகள் மூன்று, மூன்றுமே ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடுகளின் மேல் கட்டத்தக்கவை.

ஒன்று, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளரின் செலவிலேயே அனுப்பப்பட வேண்டும். தாள்படியோடு உரைக்கோப்பும் சேரட்டும். சட்டம் திருத்தப்படும்வரை விரும்பும் பதிப்பகங்கள் தாமாகவே தொடங்கலாம். பெற்றுக்கொள்ளும் பொறுப்பை, 2010இல் திறக்கப்பட்ட நாள்முதல் பிரெய்ல் பிரிவு கொண்டுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் ஏற்கலாம்.

இரண்டு, தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றின் மூச்சு நூலக ஆணையில் இருக்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே. பொது வரிப்பணத்தில் வாங்கப்படும் நூல், வரி செலுத்தும் பார்வையற்றவருக்கும் எட்ட வேண்டும் என்பது நியாயமான நிபந்தனை. தாளின் தரமும் பக்க அளவும் பார்த்து விலை நிர்ணயிக்கும் துறை, உரைக்கோப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். நூல்களை நாட்டுடைமையாக்கி மரபுரிமையாளர்களுக்குப் பரிவுத்தொகை வழங்கும் அரசு, அவற்றின் பிழையற்ற உரையையும் பொதுவில் வைக்கும் செலவை ஏற்கலாம். அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

மூன்றாவது எழுத்தாளர்களுக்கு. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: இந்நூலின் யூனிகோட் உரை, பார்வையற்றோருக்கான நூலகங்களுக்கு வழங்கப்படும் என்று. ஒப்பந்தமே இல்லாமல் நூல்கள் வெளியாகும் சூழல் நம்முடையது என்பதை அறிவோம். அங்கே எழுத்தாளர் தம் கணினியில் உள்ள கோப்பைத் தாமே அனுப்பிவிடலாம். உரிமை அவருடையதாக இருக்கும்வரை அவரை யாரும் தடுக்க முடியாது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், முன்பின் பார்த்திராத மனிதர்கள் பல நாடுகளிலிருந்து சங்க நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அதன் பயனாக இன்று பார்வையற்ற ஒருவர் சங்கப் பாடல்களைத் திரைவாசிப்பானில் வாசிக்க முடிகிறது. சென்ற ஆண்டு வெளியான நாவலை வாசிக்க முடிவதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கியம் திறந்திருக்க, சமகால இலக்கியம் மூடிக்கிடக்கும் இந்த விந்தை, சமகால இலக்கியத்துக்காகவே வாழ்வதாகச் சொல்லும் சிற்றிதழ்ச் சூழலை உறுத்த வேண்டும்.

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குச் செல்லும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கொடுத்துப் பையில் நூலை வாங்கும்போது, அரங்கில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்நூலின் யூனிகோட் உரை உங்களிடம் இருக்கிறதா, பார்வையற்ற வாசகர் ஒருவர் கேட்டால் தருவீர்களா? முதல் நாள் அவர் விழிக்கலாம். பத்தாம் நாளும் பத்துப் பேர் அதையே கேட்டால், அடுத்த ஆண்டுக்குள் பதிப்பகத்தில் அதைப் பற்றிப் பேசியே தீர்வார்கள்.